அடுத்தவர்களின் 'நான்'

அந்த போனை மேஜை நடுவில் டிஷ்யூ டப்பாவின் மேல் சாய்த்து வைத்தார் கார்த்திக். அது சரிந்து விழுந்தது. மறுபடி நிமிர்த்தி, இந்த முறை தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்தார். நின்றது.

"இன்னையிலேருந்து ட்ரான்ஸ்லேஷன் இது பாத்துக்கும் மேடம். நீங்க அப்படி ஓரமா உக்காந்து கேளுங்க. தப்பா சொல்லுதான்னு மட்டும் பாத்து ரிப்போர்ட் குடுங்க. நடுவுல பேச வேணாம்."

கார்த்திக் எங்கள் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிற கொரியக் கம்பெனி அது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். கொரிய அதிகாரிகள் சொல்வதைத் தமிழில் தொழிலாளர்களுக்குச் சொல்ல வேண்டும். தொழிலாளர்கள் சொல்வதைக் கொரிய மொழியில் அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். புதுப்பிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் இந்த போன் வந்தது.

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உற்பத்திப் பிரிவின் தலைவர் வந்து அமர்ந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய முதுகுவலி பிளாஸ்திரியின் கற்பூர வாசனை அறைக்குள் வந்துவிடும். இந்தப் பக்கம் நாற்காலிகள் காலியாக இருந்தன. லைனில் வேலை செய்யும் பெண்கள் சிலர் ஒரு புகாரோடு வரப்போகிறார்கள்.

அதுவரை அந்த அறையில் நான் சும்மா உட்கார்ந்ததே கிடையாது.

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் கேன்டீன் நாட்களைப் பற்றி நான் எழுதியிருந்த பகுதியைப் படித்துவிட்டுத் தண்டலத்துப் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்டிருந்தார். "அக்கா, நான் கொரியன் கிளாஸ் போறேன். இதை நம்பி இறங்கலாமா? வேலை கிடைக்குமா?"

பதில் சொல்ல நினைத்து இரண்டு முறை எழுதி அழித்தேன். அதனால்தான் இந்த வாரம் அந்த போனில் ஆரம்பித்தேன்.

நான் இதைத் திட்டம் போட்டுப் படித்தவள் இல்லை. ஊர் மணிமங்கலம். பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னக் கம்பெனியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்த கொரிய இன்ஜினீயர்கள் ஏதாவது கேட்பார்கள். எனக்குப் புரியாது. அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்ற எரிச்சலில்தான் ஞாயிற்றுக்கிழமை கொரிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். கோயில் ஆராதனைக்குப் போகாமல் வகுப்புக்குப் போகிறேன் என்று அம்மா கொஞ்ச நாள் பேசவில்லை. கொஞ்சம் புரிய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் என்னைப் பற்றிச் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் டீயில் எவ்வளவு சர்க்கரை என்று ஆச்சரியப்பட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

கொரிய மொழியும் தமிழும் அக்கா தங்கை, அங்கேயும் அம்மா அப்பா என்றுதான் சொல்கிறார்கள் என்று மேடையில் பேசுபவர்கள் சொல்வார்கள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மெஷினைக்கூட ஓட்டக் கற்றுத்தர முடியாது. எனக்கு உதவியது வேறு. இரண்டு மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஒருவர் "நாளைக்கு உங்களுக்கு லீவு…" என்று இழுக்கும்போது, அது உண்டா இல்லையா என்று கடைசிச் சொல் வரும்வரை தெரியாது. அவர் கூடவே நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவேன். அந்தப் பதற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

வாய் யாருடையது

எங்கள் உற்பத்தித் தலைவரைத் தொழிலாளர்கள் 'பூஜாங் சார்' என்பார்கள். பூஜாங் என்பது கொரிய மொழியில் பதவியின் பெயர். அதுதான் அவர் பெயர் என்று ஆயுதபூஜை அழைப்பிதழில்கூட 'திரு. பூஜாங்' என்று அடித்துவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் கற்றுத்தரும் விதி ஒன்று உண்டு. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டால் கோபத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறைக்கக்கூடாது, கூட்டக்கூடாது.

விதி நல்ல விதிதான். ஆனால் அது வகுப்பறைக்குச் சரி. அதை வைத்துக்கொண்டு ஒரே ஊரில் குடியிருப்பது கஷ்டம்.

மஞ்சுளா என்னோடு பள்ளியில் படித்தவள். ஒரே தெருவில் வளர்ந்தோம். நான் அலுவலகத்தில், அவள் லைனில். சில வருடங்களுக்கு முன் அவள் மகள் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். மஞ்சுளா லீவு கேட்டு வந்து நின்றாள். அது ஆர்டர் நெருக்கடியான நேரம். பூஜாங் தலையைத் தூக்காமல் ஒரு பதில் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"வீட்டைப் பார்க்கணும்னா வீட்டுலயே இருந்துக்கலாம். வேற ஆள் வருவாங்க."

மஞ்சுளா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வார்த்தை என் வாயிலிருந்துதானே வந்தது. அதுவும் அவளுக்கு ஐந்து வயதிலிருந்து தெரிந்த குரலில்.

சூப்பர்வைசர் சொல்லிப் பிறகு லீவு கிடைத்தது, குழந்தை பிழைத்தது. ஆனால் ஊருக்குள் பேச்சு வேறாகப் போனது. "அந்தாளு ரெண்டு வார்த்த பேசறான், இவ பத்து வார்த்த சேத்து வுடறா. கொரியாக்காரன்கூட நல்லவன்தான், நடுவுல கீற ஸ்டெல்லாதான் விஷம்." அவள் ஓ.டி. பார்க்கும் நாட்களில் மாலை பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் வருவோம். நான் உட்காரும் வரிசையைத் தாண்டிப் பின்னால் போய்விடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போவார்கள். ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மஞ்சுளா, இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போனாள்.

நான் சொல்லியிருக்கலாம், அது என் வார்த்தை இல்லை என்று. யாரிடம், எந்தச் சாட்சியோடு சொல்வது? அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன் பேசியது

மறுபடி அந்த அறைக்கு வருகிறேன்.

மஞ்சுளாதான் முன்னால் வந்தாள், பின்னால் இன்னும் சில பெண்கள். ஷிப்ட் உடையும் தலைத் தொப்பியுமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். சுவரோரம் என்னைப் பார்த்ததும் மஞ்சுளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகார் பஸ்ஸைப் பற்றியது. முதல் ஷிப்டுக்கான பஸ் முன்பெல்லாம் ஊருக்குள் குளத்தருகே வந்து ஏற்றிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று அதை மெயின் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் பெண்கள் ஏரிக்கரையோரமாக நடந்து போய் ரோட்டில் காத்து நிற்க வேண்டும். நான் பகல் நேர ஆள், அந்த இருட்டில் நடந்ததில்லை.

"போனப் பாத்துப் பேசுங்கம்மா. மெதுவா, தெளிவா" என்றார் கார்த்திக்.

பூஜாங் முதலில் பேசினார். போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு செய்தி வாசிப்பவரைப் போல இனிமையான பெண் குரலில் சொன்னது:

"பேருந்து ஏற்பாடு பிடிக்கவில்லை என்றால் நீங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். வேறு ஆட்கள் வருவார்கள்."

நான் கொரிய மொழியில் கேட்டது அதேதான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

மஞ்சுளா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாய் மூடியிருப்பதைத்தான் அவள் பார்த்தாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இத்தனை வருடமாக நான் தேடிய சாட்சி, என் வேலையைப் பிடுங்க வந்த போன் வழியாக வந்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

மஞ்சுளா மேஜையில் கையை ஊன்றினாள்.

"இன்னா சார் பேசற? வூட்ல குந்திக்கினு இருந்தா நீயா வந்து சோறு போடுவ?"

போன் திணறியது. பிறகு கொரிய மொழியில் ஏதோ சொன்னது. குந்தி என்ற பெண்மணியின் வீட்டில் சாதம் விநியோகிப்பது பற்றி. பூஜாங் புருவத்தைச் சுருக்கி போனை ஒருமுறை தட்டினார்.

"நல்ல தமிழ்ல பேசுங்கம்மா. அதுக்குப் புரியல" என்றார் கார்த்திக்.

மஞ்சுளா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். பள்ளியில் பேச்சுப்போட்டிக்கு நின்றவள் போல முதுகை நிமிர்த்தினாள். "ஐயா, எங்களுக்கு… பேருந்து… மிகவும் தேவையாக உள்ளது" என்றாள். பக்கத்திலிருந்த பெண் சிரிப்பை அடக்க முந்தானை இல்லாமல் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போன் அதை அட்டகாசமாக மொழிபெயர்த்தது. பூஜாங், "பரிசீலிக்கிறோம்" என்றார். அதையும் போன் சரியாகச் சொன்னது.

மஞ்சுளா எழுந்துவிட்டாள்.

"எங் கோவத்த எங்க சார் சொல்லுது இது? நான் பேசுனா அதுக்குப் புரியல. அதுக்குப் புரியற மாதிரி பேசுனா அது நானே இல்ல."

என் பக்கம் கையைக் காட்டினாள். "ஏய், நீ சொல்லுடி."

நான் பாதி எழுந்துவிட்டேன்.

"மேடம், நீங்க அப்சர்வ் மட்டும்" என்றார் கார்த்திக்.

அதற்குள் பெண்கள் வெளியே போய்விட்டார்கள். நான் பாதி எழுந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ரிப்போர்ட்டில் உண்மையைத்தான் எழுதினேன். அதிகாரிகள் பேசும் கொரிய மொழியை போன் நன்றாகத் தமிழாக்குகிறது. எழுத்துத் தமிழையும் நன்றாகப் புரிந்துகொள்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை.

தள்ளிக் குந்து

அடுத்த நாள் மாலை பஸ்ஸில் மஞ்சுளா என் வரிசையைத் தாண்டிப் போகவில்லை.

"தள்ளிக் குந்து" என்றாள்.

படப்பை வரும்வரை கையில் படிந்திருந்த கிரீஸ் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

"எம் பொண்ணுக்கு ஜுரம் வந்தப்போ சொன்னியே… அது அந்தாளு பேச்சா?"

"ஆமா."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்ல?"

"அப்டி சொல்லக் கூடாதுன்றதுதான் வேல."

"இன்னா எழவு வேலடி இது." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நான் ஊரு பூரா சொல்லிட்டனே உன்னப் பத்தி. இப்ப போய் வூடு வூடா இல்லன்னு சொல்ல முடியுமா?"

"வுடு."

"வுட முடியல. அதான் வந்து குந்திக்கினு கீறேன்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். சங்கம் மாதிரி பெரிதாக எதுவும் இல்லை. லைனில் இருக்கும் பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். மறுபடி ஒருமுறை பூஜாங்கைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறார்கள். "நாங்க பேசறத நீ சொல்லு. கம்பெனி ஆளா இல்ல. எங்க ஆளா வா."

"கான்ட்ராக்ட் முடியப்போவுது மஞ்சு. இந்த நேரத்துல…"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன், கட்டாயம்னு சொல்லல."

கடைசி வரிக்குப் போன மொழி

அந்த வாரம் நான் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக நினைவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு மாடிக்குப் போவேன். பொங்கி வழிந்த வாசனை வந்ததும் ஓடிவருவேன்.

வேலை தேடிக்கொண்டும் இருந்தேன். ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிப் பெண் ஒருத்தி போனில் சொன்னாள்: "இன்டர்ப்ரெட்டர்னு தனியா இப்ப யாரும் கேக்கறதில்ல மேடம். பர்ச்சேஸ் பாத்திருக்கீங்களா? க்வாலிட்டி ஆடிட்? அதோட கொரியன் தெரிஞ்சா சொல்லுங்க, எடுத்துக்குவாங்க." முன்பெல்லாம் மொழி தெரியுமா என்பது முதல் கேள்வி. இப்போது அது கடைசி வரிக்குப் போய்விட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நேர்முகத்துக்குப் போனேன். என்னைப் போலவே வந்திருந்த ஜப்பானிய மொழிக்காரர் ஒருவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். "ட்ராயிங், மேனுவல் எல்லாம் மெஷினே பண்ணிருதுங்க. அது பண்ணதைத் திருத்தத்தான் நம்மள கூப்பிடறான். திருத்தறதுக்கு, நாமளே பண்றத விட நேரம் ஆவுது" என்றார். உள்ளே கூப்பிட்டபோது டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார். எங்கள் இரண்டு பேரையும் எடுக்கவில்லை.

என் கணவர் தேவா ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"இன்னாத்துக்கு இப்டி குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கினு கீற?"

சொன்னேன். கேட்டுவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பேசுனா வேல போவும்னு பயப்படற. பேசலன்னாலும் போவத்தான் போவுது. அப்ப வேலைய இதுல ஏன் சேக்கற? மஞ்சுக்குப் பேசணுமா வேணாமா, அத மட்டும் பாரு."

எளிதாகச் சொல்லிவிட்டார். கோபம்கூட வந்தது. ஆனால் அன்று பால் பொங்கவில்லை.

இந்தப் பக்க நாற்காலி

இரண்டாவது சந்திப்பில் சுவரோர நாற்காலியை நான் எடுத்துவந்து மஞ்சுளாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கார்த்திக் பதறிவிட்டார். பதறினால் அவருக்குச் சொந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"என்ன மேடம், நீங்க போயி அங்ஙன உக்காந்துட்டீய?"

நான் பூஜாங்கிடம் நேராகக் கொரிய மொழியில் பேசினேன். "இன்று நான் இவர்கள் சொல்வதை உங்களிடம் சொல்ல மட்டும் வந்திருக்கிறேன். உங்கள் பேச்சை இந்த போனே சொல்லட்டும். அது சரியாகத்தான் சொல்கிறது."

அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"நீ உன் பேச்சுல பேசு" என்றேன் மஞ்சுளாவிடம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் யார் பேசினாலும் 'நான்' ஒன்றுதான். கொரிய மொழியில் இரண்டு. பெரியவர்கள் முன்னால் தன்னைத் தாழ்த்திக்கொண்டு சொல்வது 'ஜோ'. சமமாக, இயல்பாகச் சொல்வது 'நா'. தொழிலாளி அதிகாரியிடம் பேசும்போது 'ஜோ'தான் முறை. இத்தனை வருடமும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

மஞ்சுளா ஆரம்பித்தாள்.

"சார், ஒரு நாளு நான் ஏரிக்கரையோரம் போய்க்கினு இருந்தேன். பின்னாடி பைக் சத்தம். திரும்பிப் பாத்தா லைட்ட அணைச்சிட்டான். நான் நின்னா அவனும் நிக்கறான். நான் நடந்தா வர்றான்."

நான் வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஜோ, ஜோ என்று.

"ஓடனேன் சார். சோத்து டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு ஓடனேன். கருவேல முள்ளுக்குள்ள பூந்துட்டேன். சத்தம் போடாம வாயப் பொத்திக்கினு குந்தி இருந்தேன். அவன் சிரிச்சிக்கினே போனான் சார். அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கீது."

அந்த இடத்தில் என் வாயில் 'நா' வந்துவிட்டது. நா ஓடினேன். நா வாயைப் பொத்திக்கொண்டேன். முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கிறவள் தன்னைத் தாழ்த்திக்கொண்டு பேச மாட்டாள். வேண்டுமென்று செய்தேனா, தானாக வந்ததா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பூஜாங் சட்டென்று தலையைத் தூக்கினார். மரியாதைக் குறைவு என்று கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளையும் நடுவில் நிறுத்தியது போலாகும்.

"கால்ல ரத்தம். துடைச்சிக்கினு வந்து பஸ்ல ஏறி வேலைக்கு வந்தேன். வூட்ல சொல்லல. சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டாங்க. அன்னிக்கி டார்கெட்டும் முடிச்சிட்டுத்தான் சார் போனேன்."

மஞ்சுளா இதை லைனில் யாரிடமும்கூடச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூஜாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. போனைப் பார்த்து ஒன்று கேட்டார். போன் இனிமையாகச் சொன்னது:

"அந்த இடம் எங்கே இருக்கிறது? நாளை காலை நான் அங்கே வருகிறேன்."

வந்தார். காரைக் குளத்தருகே நிறுத்திவிட்டு, வெள்ளை ஷூவோடு இறங்கி, பெண்களுக்குப் பின்னால் நடந்தார். நானும் போயிருந்தேன். நாய் ஒன்று கொஞ்ச தூரம் குரைத்துக்கொண்டே வந்தது. ஏரித் தண்ணீரின் பாசி வாசனை. எதிரில் வருபவர் முகம் தெரியாத இருட்டு. ஒரு பைக் கடந்தபோது பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். அவரும் நின்றார். மெயின் ரோட்டுக்கு வந்ததும், கரையில் எங்கோ சாணியை மிதித்த ஷூவைச் சாலையோரக் கல்லில் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் அந்த வழியையே பார்த்தார்.

சில நாட்களில் பஸ் மறுபடி ஊருக்குள் வந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புப் பெண்களுக்கு இன்னும் பஸ் போகவில்லை. அவர்கள் இப்போதும் நடந்துதான் குளத்தருகே வருகிறார்கள். ஆனால் கூட்டமாக வருகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பதில்

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மேடம்" என்றார் கார்த்திக். "பட்ஜெட். அப்புறம், ஆப் நல்லா பண்ணுதுன்னு உங்க ரிப்போர்ட்லயே இருக்கே." அது உண்மை. நான் எழுதியதுதான். மூன்றாவது வரியையும் படித்தீர்களா என்று கேட்டேன். "படிச்சேன் மேடம். மேல அனுப்பும்போது அது சுருங்கிப்போச்சு" என்றார். அவர் குரலும் சுருங்கித்தான் இருந்தது.

இப்போது நிரந்தர வேலை இல்லை. கொரியக் குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூடப் போகிறேன். பள்ளிக்கூடங்களில் பெற்றோர் சந்திப்புக்குப் போகிறேன். ஒரு தொழிற்சாலையில் பெண்களின் புகார்களை விசாரிக்கும்போது, இருதரப்பும் ஒப்புக்கொண்டால் கூப்பிடுகிறார்கள். அங்கே பெண்கள் போனிடம் பேச மறுத்துவிட்டார்களாம். ஒரு வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது. அடுத்த வாரம் போன் மணி அடிக்கிறதா என்று சார்ஜரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

தண்டலத்துப் பெண்ணே, மொழியை மட்டும் நம்பி இறங்காதே. கூட ஒரு தொழிலைக் கற்றுக்கொள். மெஷினையோ மருந்தையோ சட்டத்தையோ, ஏதாவது ஒன்றை. சுத்தமான கொரிய மொழியையும் சுத்தமான தமிழையும் மாற்றித் தருகிற வேலை உனக்காகக் காத்திருக்காது. ஆனால் மஞ்சுளா மாதிரிப் பேசுகிறவர்கள் இந்த ஒரகடம் ரோடு நெடுக இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். அதற்கு நிலையான வேலை இருக்கிறதா என்றால், இன்னும் இல்லை. இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வாசல் வாசலாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கடைசி நாள்

கடைசி நாளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மதியம் கேன்டீனில் பெண்கள் என்னை நடுவில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒன்றாகத் தங்கள் டப்பாவிலிருந்து எடுத்து வைத்தார்கள். மஞ்சுளா கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தாள். அழவெல்லாம் இல்லை. "அந்த போனுக்கு இத ஊட்டுங்கடி, அப்பவாச்சும் நம்ம பேச்சு வருதா பாக்கலாம்" என்றாள் ஒருத்தி. புரையேறும் அளவுக்குச் சிரித்தோம்.

பிறகு பூஜாங் கூப்பிடுகிறார் என்று சொன்னார்கள். போனேன். அவர் தனியாக இருந்தார். மேஜைமேல் போன் இல்லை. அறையின் மூலையில் அட்டைப் பெட்டிகள் சில பிரிந்து கிடந்தன. ஏதோ சாமான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உட்காரச் சொன்னார். பஸ் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றேன். ஏரிக்கு அந்தப் பக்கம் போகவில்லை என்பதையும் சொன்னேன். தலையசைத்தார்.

"இனி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

எத்தனையோ வருடம் அவர் பேசியதை நான் பேசியிருக்கிறேன். மெஷினைப் பற்றி, ஆர்டரைப் பற்றி, லீவைப் பற்றி. என்னைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கொரிய மொழியில் பதிலைத் தேடினேன். ஊரில் எல்லோருடைய பேச்சுக்கும் வார்த்தை கிடைக்கிற எனக்கு, என் பேச்சுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியல சார்" என்றேன்.

சொன்ன பிறகுதான் தமிழில் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். புரிந்திருந்தது.

அந்த அட்டைப் பெட்டிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கொரிய மொழியில் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கும்தான்."

கொரியாவுக்குத் திரும்பிவரச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது. நான் பழக்கத்தில், அவர் சொன்னதைத் தமிழில் சொல்ல இந்தப் பக்கம் திரும்பினேன்.

அறையில் வேறு யாரும் இல்லை.